தாயுமானவன் படித்துக் காட்டிய ஏழாவது படம்

என் வீட்டுக்காரரு பேரு தாயுமானவன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கொசுவைக்கூட யோசிச்சுத்தான் அடிப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன், உசுரு போற நேரத்துல தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட சிநேகிதனைப் பாத்து "உஷ்"னு சொல்லிட்டாரு. தெரிஞ்சு சொல்லல. ஆனா சொல்லிட்டாரு. அந்த "உஷ்"ஷை சிநேகிதனோட சம்சாரத்துக்கிட்ட ஒத்துக்கறதா, மறைக்கறதாங்கறதுதான் நாலு மாசமும் பத்து நாளும் எங்க வீட்டுல நடந்த சண்டை. மறைச்சிடுங்கன்னு நான். சொல்லாம எனக்குச் சோறு இறங்கலன்னு அவரு.

நடந்ததை நடந்தபடி சொல்றேன். என் பேரு சுபலட்சுமி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவ. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குக் கூட்டிக் குறைச்சுச் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. கோவம் வரும். அது வேற விஷயம்.

இவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சினிமாப் பித்து. சினிமான்னா நம்ம ஊரு சினிமா இல்ல. எந்தெந்த தேசத்துப் படமோ, பேரு வாயில நுழையாது, பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. திருச்சியில அப்ப ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஏதாவது ஒரு ஹாலைப் பிடிச்சுப் படம் போடுவாங்க. படப்பெட்டி ரயில்ல வரும். நீங்கதான் ரயில்வே ஆளாச்சேன்னு ஜங்ஷன் பார்சல் ஆபீஸ்லேருந்து பெட்டியைத் தூக்கிட்டு வர்ற வேலையை இவரு தலையிலயும் நத்தர்ஷா அண்ணன் தலையிலயும் கட்டிட்டாங்க.

நத்தர்ஷா அண்ணன் அதே ஒர்க்‌ஷாப்புல எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். வீடு பாலக்கரையில. நத்தர் வலி தர்காவுல வேண்டிக்கிட்டுப் பிறந்த பிள்ளைன்னு அந்தப் பேரை வச்சாங்களாம். நல்ல உசரம், வெத்தலை போட்ட வாய், சிரிச்சா நாலு வீட்டுக்குக் கேக்கும். படிப்பு எட்டாவதோட சரி. இங்கிலீஷ்ல தன் பேரை எழுதுவாரு, அவ்வளவுதான். அந்த வெளிநாட்டுப் படத்துல அடியில இங்கிலீஷ்ல வசனம் ஓடும். அதை இவரு பக்கத்துல உக்காந்து காதுல தமிழ்ல சொல்லுவாரு. இவரு மட்டும் என்ன எம்.ஏ.வா? ஐ.டி.ஐ.தான். ஆனா சட்டைப்பையில எப்பவும் ஒரு குட்டி டிக்‌ஷனரி இருக்கும். தெரியாத வார்த்தையை விட மாட்டாரு. அப்படி ஒரு பிடிவாதம்.

எனக்குக் கல்யாணமாகி மூணாவது வாரம் என்னையும் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன், முட்டாள் மாதிரி. கடைசி வரிசையில எனக்கு இந்தப் பக்கம் இவரு, இவருக்கு அந்தப் பக்கம் அண்ணன். ரெண்டு மணி நேரம் மனுஷன் அந்தப் பக்கமே திரும்பி அண்ணன் காதுல ஓதிக்கிட்டே இருந்தாரு. என் பக்கம் ஒரு வார்த்தை இல்ல. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமேங்கறாரு, கேட்டா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நான் பேசல. மூணாம் நாள் நத்தர்ஷா அண்ணன் தன் சம்சாரம் ஷரபுன்னிசாவைக் கூட்டிக்கிட்டு, ஒரு தூக்குல நெய்ச்சோறோட வந்து நின்னாரு. "தங்கச்சி, உன் புருஷனை நான் ஒண்ணும் களவாண்டுட்டுப் போயிட மாட்டேன். மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் கடன் கொடு, போதும்"னாரு. அதுக்கப்புறம் அவரு எனக்கு அண்ணன், ஷரபுன்னிசா எனக்கு அண்ணி.

இந்தப் படிச்சுக் காட்டற வேலையில ஒரே ஒரு சட்டம். படம் முடியற வரைக்கும் அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது. ஏன்னா அவரு ஒரு கேள்வி கேட்டா, இவரு பதில் சொல்றதுக்குள்ள நாலு வரி ஓடிடும். நாலு வரி போச்சுன்னா படமே போச்சும்பாரு இவரு. ஆனா அண்ணனால சும்மா இருக்க முடியுமா? "தாயு, இவன் நல்லவனா கெட்டவனா?" "தாயு, அந்தப் பொம்பளை ஏன் அழுவுது?" இவரு உடனே, "உஷ்!" முப்பத்தஞ்சு வருஷத்துல எத்தனை படமோ அத்தனை பத்து "உஷ்" இருக்கும். அது அவங்களுக்குள்ள ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு.

சொசைட்டி நின்னு போச்சு. ரெண்டு பேரும் ரிட்டையர் ஆனாங்க. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து முதல்ல கால்ல ஒரு விரலை வாங்குச்சு, அப்புறம் கண்ணுக்குப் போச்சு. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு ஊசி போட்டாங்க, லேசர் வச்சாங்க. பெருசா பலன் இல்ல. இன்னும் ஆறு மாசமோ எட்டு மாசமோ வெளிச்சம் தெரியும், அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கலர்ல எதைப் பாத்தாலும் ஒண்ணோட ஒண்ணு கலங்கிப் போகுதாம். "கறுப்பு வெள்ளைன்னா இன்னும் தெரியுதுய்யா தாயு. வெள்ளைச் சட்டைக்காரன் நடந்து போறான், கறுப்புக் கதவு திறக்குது, அதெல்லாம் தெரியுது"ன்னு ஒரு நாள் போன்ல சொன்னாரு. இவரு போனை வச்சுட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இறங்கி வந்தாரு, கண்ணு சிவந்திருந்துச்சு.

போன ஆடி மாசம், இவரோட அக்கா பேத்தி ப்ரீத்தி, துவாக்குடியில இன்ஜினியரிங் படிக்கறா, அவ ஒரு லிங்க் அனுப்பினா. ஸ்பெயின் தேசத்துல யாரோ பழைய படமெல்லாம் சுத்தம் பண்ணி ஆன்லைன்ல விழா நடத்தறாங்களாம். பத்து படம், பத்து நாள், காசு கிடையாது, எல்லாமே கறுப்பு வெள்ளை. நம்ம நேரத்துக்கு மத்தியானம் மூணரைக்கு ஒரு படம் திறக்கும். மறுநாள் மூணரைக்கு அதை மூடிட்டு அடுத்ததைத் திறப்பாங்க.

இவருக்குக் காலு தரையில பாவல. "சுபா, நத்தருக்குன்னே போடறாங்க பாரு"ன்னாரு. ஸ்பெயின்காரனுக்கு பாலக்கரை நத்தர்ஷாவைத் தெரியுமாக்கும்னு நான் கேலி பண்ணேன். ஆனா எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கண்ணு இருக்கும்போதே ஒரு பத்து படம் பாத்துடட்டுமேன்னு இருந்துச்சு.

ஸ்ரீரங்கத்துலேருந்து பாலக்கரைக்கு தினமும் போய் வர இவருக்கு முட்டி ஒத்துழைக்கல. அண்ணனால படி இறங்க முடியல. அதனால ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மூணரைக்குப் படம் திறந்ததும் இவரு முதல்ல தனியா பாத்துடுவாரு. டிக்‌ஷனரியும் நோட்டுமா உக்காந்து, கஷ்டமான வார்த்தைக்கெல்லாம் தமிழ் எழுதி வச்சுப்பாரு. மறுநாள் காலையில பத்தரைக்கு அண்ணனுக்கு வாட்ஸப்புல போன் போடுவாரு. அங்க அவரு மக தஹ்ஸீன் சென்னையிலேருந்து வந்தப்ப டிவியில எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துட்டுப் போயிருந்தா. ஷரபுன்னிசா அண்ணி ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க. இவரு இங்கேருந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லுவாரு. ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கணும். அண்ணி ஒரு செகண்டு பிந்திட்டா மறுபடியும் முதல்லேருந்து. அமுக்கிட்டு அண்ணி அடுப்படிக்குப் போயிடுவாங்க. அப்புறம் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு இவரு சத்தமா படிக்க ஆரம்பிப்பாரு. ஆம்பளை குரல், பொம்பளை குரல், கிழவன் குரல்னு விதவிதமா வேற. எதிர்வீட்டு அம்மா என்கிட்ட, "உங்க வீட்டுல காலையில யாருங்க சண்டை போடறாங்க"ன்னு கேட்டாங்க. ஸ்பெயின்காரங்கன்னு சொன்னேன்.

ஆறு படம் ஆச்சு. அந்த ஆறு நாளும் இவரு இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் படத்தைப் பத்திப் பேசுவாங்க. அண்ணன் அங்கேருந்து சிரிக்கற சிரிப்பு போனைத் தாண்டி இங்க வந்து விழும்.

ஏழாவது படம் ஒரு ஐஸ்காரனைப் பத்தினது. தம்பி கீழ ஊர்ல காய்ச்சல்ல கிடக்கறான். அண்ணங்காரன் மலை மேலேருந்து ஐஸ் கட்டியை வைக்கோல்ல சுத்தி, கழுதை மேல ஏத்திக்கிட்டு இறங்கி வர்றான். வழியில சுங்கச் சாவடிக்காரன் மடக்கறான், ஐஸ் உருகிட்டே இருக்கு. நான் ஹாலை ஒட்டின ரூம்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். அந்தச் சாவடிச் சண்டை வந்துச்சு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்தறாங்க. வசனம் மளமளன்னு ஓடுது. இவரு மூச்சு விடாம படிச்சுக்கிட்டிருக்காரு.

அப்பத்தான் போன்ல அண்ணன் குரல். "தாயு."

இவரு படிக்கற வேகத்துலயே, "உஷ்!"னாரு.

ஏதோ உருண்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். இவரு படிச்சுக்கிட்டே போனாரு.

நான் மடிச்ச துணியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். முப்பது வருஷம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தவளுக்கு, லைன்ல ஆள் பேசாம இருக்கறதுக்கும் ஆளே இல்லாம இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியும். ஹாலுக்கு வந்து, "ஏங்க, லைன்ல ஆள் இருக்கற மாதிரியே இல்லையே"ன்னேன். இவரு டிவியிலேருந்து கண்ணை எடுக்காம, போ போன்னு கையை ஆட்டினாரு. எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துடுச்சு. நல்லது சொன்னா கையை ஆட்டறாரேன்னு. "எக்கேடோ கெட்டுப் போங்க"ன்னுட்டு மாடிக்கு வத்தல் காயப்போடப் போயிட்டேன். போனை வாங்கி நாலு தடவை "அண்ணே, அண்ணே"ன்னு கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கூப்பிடல. கோவம்தான் பெருசா இருந்துச்சு.

இன்னும் முக்கா மணி நேரம் படம் ஓடுச்சு. நான் இறங்கி வர்றப்ப இவரு கடைசி வசனத்தைப் படிச்சு முடிச்சாரு. "அவ்வளவுதான்யா. முடிஞ்சுது. இப்ப கேளு உன் கேள்வியை"ன்னாரு. பதில் இல்ல. "யோவ், உஷ்னதுக்குக் கோவமா?"ன்னு சிரிச்சாரு. பதில் இல்ல. அப்ப ஸ்பீக்கர்ல ஷரபுன்னிசா அண்ணியோட குரல், தள்ளியிருந்து. "என்னங்க, படம் முடிஞ்சிருச்சா, சாப்பிட வரீங்களா?" ரெண்டு அடி எடுத்து வச்சிருப்பாங்க. அப்புறம் அவங்க போட்ட சத்தத்தை நான் இங்க சொல்ல மாட்டேன்.

ஆட்டோ பிடிச்சு பாலக்கரைக்கு ஓடினோம். மாரடைப்பு. சர்க்கரை உள்ளவங்களுக்குச் சில சமயம் பெருசா வலிகூடத் தெரியாதுன்னாரு வந்து பாத்த டாக்டர். உசுரு போய் முக்கா மணி, ஒரு மணி நேரம் இருக்கும்னாரு. அதைக் கேட்டதும் இவரு என் கையைப் பிடிச்சாரு. முக்கா மணி நேரம். ஐஸ்காரன் கழுதையை ஓட்டி, ஊரு போய்ச் சேந்து, தம்பி நெத்தியில ஐஸை வச்சது வரைக்கும் மனுஷன் உசுரு இல்லாத ஒரு உடம்புக்குப் படிச்சுக் காட்டியிருக்காரு.

அடக்கம் அன்னிக்கு சாயந்திரமே. இவரும் கபர்ஸ்தானுக்குப் போய் மூணு பிடி மண்ணு போட்டுட்டு வந்தாரு. அங்க யாரோ ஒருத்தர், யாருக்கும் கெடுதல் நினைச்சுச் சொல்லல, "பக்கத்துல ஒரு ஆள் இருந்து உடனே தூக்கிட்டு ஓடியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்"னு சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு உக்காந்தவரு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாரு. "அந்தப் படம் எனக்குத் தெரிஞ்ச படம் சுபா. முந்தின நாளே பாத்தாச்சு. நிறுத்திட்டு என்னய்யான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? கூப்பிட்டான். என்னைத்தான் கூப்பிட்டான். நான் வாயை மூடுன்னுட்டேன்." மீதி மூணு படம் எப்ப திறந்துச்சு, எப்ப மூடுச்சு, ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது.

மறுநாளே அண்ணிக்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்னு கிளம்பினாரு. போக முடியாது. அவங்க இத்தாவுல உக்காந்துட்டாங்க. புருஷன் போனா நாலு மாசமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிய வர மாட்டாங்க, வெளி ஆம்பளைங்க முன்னாடியும் வர மாட்டாங்க. போன்ல சொல்லலாமான்னா, அதுக்கு இவரு ஒப்புக்கல. "போன்லதானே அவனை வாயடைச்சேன். அதே போன்ல மன்னிப்புக் கேக்கறதா?"ன்னாரு. முகத்தைப் பாத்துத்தான் சொல்லுவேன்னு உக்காந்துட்டாரு.

அங்கேருந்துதான் எங்க சண்டை ஆரம்பம். "சொல்லி என்ன ஆகப்போகுது? போன உசுரு வருமா? உங்க நெஞ்சு பாரத்தை இறக்கி அந்தப் பொம்பளை தலையில வைக்கப் போறீங்க, அதானே?"ன்னு கேப்பேன். "அவங்களுக்குத் தெரியணும்"பாரு. "தெரிஞ்சு?"ம்பேன். "திட்டட்டும். காறித் துப்பட்டும்"பாரு. சோறு பாதி இலையிலயே கிடக்கும். தினமும் பேப்பரை எனக்குச் சத்தமா படிச்சுக் காட்டற மனுஷன், படிக்கறதையே விட்டுட்டாரு. சத்தமா ஒரு வார்த்தை படிக்க வரலைங்கறாரு. பால் பாக்கெட்டுல தேதி என்ன போட்டிருக்குன்னு கேட்டாகூட என் கையில கொடுத்துடுவாரு.

நான் பொம்பளை, அதனால பத்து நாளைக்கு ஒரு தடவை அண்ணியைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். வெள்ளைப் புடவையில, உள் ரூம்ல உக்காந்திருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "சுபா, அவரு கடைசியா என்ன பேசினாருன்னு தாயு அண்ணனுக்குத் தெரியுமா? கேட்டுச் சொல்லேன்." நான், "படம் ஓடறப்பதான் பேச மாட்டாங்களே அண்ணி"ன்னு மழுப்பிட்டு வந்துடுவேன். வர்ற வழியில பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து அழுதுருக்கேன். கேட்ட குரலைக் கேக்கலைன்னு சொன்னது அதுதான் எனக்கு முதல் தடவை.

மார்கழி பிறந்து மூணாம் நாள் இத்தா முடிஞ்சுது. இங்க ஏகாதசிக்குன்னு ரோட்டை அடைச்சு வச்சுட்டாங்க. திருவானைக்காவல் வரைக்கும் நடந்து போய் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சோம். போற வழியெல்லாம் கெஞ்சினேன். "சும்மா பாத்துட்டு, ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசிட்டு வந்துடலாங்க." இவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சட்டைப்பையில அந்த டிக்‌ஷனரிகூட இல்லன்னு அப்பத்தான் கவனிச்சேன்.

அண்ணி வாசலுக்கே வந்துட்டாங்க. பாதியா இளைச்சுட்டாங்க. "வாங்கண்ணே, வா சுபா"ன்னு உள்ள கூட்டிட்டுப் போய், அதே ஹால்ல உக்கார வச்சாங்க. அண்ணன் உக்காந்த நாற்காலி அங்கேயேதான் இருந்துச்சு. அதுல யாரும் உக்காரல. மூணு டம்ளர் டீ போட்டுக் கொண்டாந்து வச்சுட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு எதுத்தாப்புல உக்காந்தாங்க.

இவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஷரபு, உன்கிட்ட ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சாரு.

"இருங்கண்ணே. நான் முதல்ல சொல்லிடறேன்"னாங்க அண்ணி. "உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு இத்தனை நாளா காத்திருந்தேன். உங்க சிநேகிதரை நான்தான்ணே விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அடுப்படியிலதான் நின்னேன். மிக்ஸியில தேங்கா அரைச்சுக்கிட்டிருந்தேன். நிறுத்தினப்ப டம்ளர் உருள்ற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாக்கலாம்னு ஒரு அடி எடுத்து வச்சேன்ணே. வச்சேன், அல்லா மேல சத்தியமா வச்சேன். ஆனா போன்ல உங்க குரல் கேட்டுச்சு. நீங்க படிச்சுக்கிட்டே இருந்தீங்க. கண்ணு தெரியாதவரு, தினமும் எதையாவது தட்டி விடறதுதான். நீங்க படிக்கறீங்கன்னா இவரு கேட்டுக்கிட்டு இருக்காருன்னுதானே அர்த்தம்? நடுவுல போனா டிவியை மறைக்கறியேன்னு கத்துவாரு. அதனால திரும்பிட்டேன். உங்க குரல் நின்னதுக்கு அப்புறம்தான் போனேன். தஹ்ஸீன்கிட்டகூட இதைச் சொல்லல. அன்னிக்கு எட்டிப் பாத்திருந்தா..." மேல பேச முடியாம முக்காட்டை வாயில வச்சு அமுக்கிக்கிட்டாங்க.

நான் இவரைப் பாத்தேன். முகத்துல ரத்தமே இல்ல. ஒரு "உஷ்"ஷுக்கு மன்னிப்புக் கேக்க வந்தவருக்கு, தான் படிச்ச படிப்புதான் அந்தக் கதவை முக்கா மணி நேரம் சாத்தி வச்சிருந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு. ஐயோ, அந்த நிமிஷத்துல அந்த மனுஷனை நான் எங்கயாவது தூக்கிக்கிட்டு ஓடியிருக்கணும்.

ஆனா அண்ணி அழுத அழுகையைப் பாத்ததும் என் புத்தி அப்படியே திரும்பிடுச்சு. இத்தனை நாளா இந்தப் பொம்பளை தன்னைத்தானே கொலைகாரியா நினைச்சுக்கிட்டு உள் ரூம்ல உக்காந்திருக்கே. கூப்பிட்டது இவருக்குக் கேட்டுச்சு, உருண்டது எனக்கும் கேட்டுச்சு, எங்க தப்புதான் முதல் தப்புன்னு தெரிஞ்சா அதுக்கு மனசு ஆறுமேன்னு பட்டுச்சு. நாலு மாசமா சொல்லாதீங்கன்னு கழுத்தைப் பிடிச்ச நானே, இவரு தோளைத் தட்டி, "சொல்லுங்க. சொல்லித் தொலைங்க"ன்னேன்.

சொன்னாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தரையைப் பாத்து, எல்லாத்தையும் சொன்னாரு. "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் கூப்பிட்டான். தெளிவா கூப்பிட்டான். கேள்வி கேக்கறான்னு நினைச்சு நான்தான் உஷ்னு அடக்கிட்டேன். சுபா வந்து சொன்னா, அவளையும் விரட்டினேன். பாவி நான்தான்."

நானும், "ஆமா அண்ணி, நானும் கேட்டேன். கோவத்துல மாடிக்குப் போயிட்டேன்"னேன்.

அண்ணி முக்காட்டை வாயிலேருந்து எடுத்தாங்க. அழுகை நின்னு போச்சு. திட்டுவாங்க, இல்ல, ஆறுதல் சொல்லுவாங்க, ரெண்டுல ஒண்ணுன்னு நான் எதிர்பாத்தேன்.

"என்னன்னு கூப்பிட்டாருண்ணே?"ன்னு கேட்டாங்க.

"தாயுன்னு."

"உங்களையா?"

இவரு தலையை ஆட்டினாரு.

அண்ணி அந்த நாற்காலியைப் பாத்தாங்க. அப்புறம் அடுப்படிக் கதவைப் பாத்தாங்க. பத்து அடி இருந்தா ஜாஸ்தி. "நான் இங்கதானேண்ணே இருந்தேன்"னாங்க. "நாப்பத்தி ரெண்டு வருஷம். தண்ணி வேணும்னா என்னைக் கூப்பிடுவாரு. மாத்திரை வேணும்னா என்னைக் கூப்பிடுவாரு. செருப்பைக் காணோம்னாகூட ஷரபு, ஷரபுன்னு வீடே அதிரக் கூப்பிடுவாரு. உசுரு போறப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற உங்களைக் கூப்பிட்டாரா? என்னைக் கூப்பிடவே இல்லையா?"

எனக்கு ஒரு பொய் வாய் வரைக்கும் வந்துச்சு. முதல்ல உங்க பேரைத்தான் சொன்னாரு அண்ணி, என் காதால கேட்டேன்னு சொல்லிடலாம்னு. சொல்லியிருப்பேன். ஆனா சொன்னா என்ன ஆகும்? புருஷன் கூப்பிட்டும் போகாதவளா ஆயிடுவாங்க. சொல்லாட்டி, கூப்பிடவே படாதவங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பொம்பளைக்குத்தான் வெட்டு. வாயை மூடிக்கிட்டேன்.

"கேளு, அவன் வலியிலெல்லாம் கூப்பிடல, படத்துல ஏதோ கேக்கத்தான்..."ன்னு இவரு ஏதோ சொல்ல வந்தாரு. அவருக்கே நம்பிக்கை இல்லாம பாதியில நின்னுட்டாரு.

அண்ணி எழுந்திரிச்சாங்க. "டீ ஆறிடுச்சு. சூடு பண்ணிக் கொண்டாரேன்"ன்னு மூணு டம்ளரையும் எடுத்துக்கிட்டு உள்ள போனாங்க. கேஸ் பத்த வைக்கற சத்தம் கேக்கல. பாத்திரச் சத்தம் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் அந்த ஹால்ல உக்காந்திருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு நான் எட்டிப் பாத்தேன். அண்ணி அடுப்பு மேடையில ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு ஹால் பக்கம் முதுகைக் காட்டி நின்னாங்க. "போயிட்டு வரோம் அண்ணி"ன்னேன். திரும்பாமலே, "சரிம்மா"ன்னாங்க.

பஸ் ஸ்டாப்புல இவரு என் பக்கத்துல வந்து நின்னு, "சொல்லியிருக்கக் கூடாது, இல்ல?"ன்னு கேட்டாரு.

நாலு மாசமா நான் தொண்டை கிழியச் சொன்னது அதுதான். வேற நாளா இருந்தா, அப்பவே சொன்னேன்ல, கேட்டீங்களான்னு ஸ்டாப்புல நிக்கற அத்தனை பேருக்கும் கேக்கறாப்புல கத்தியிருப்பேன். அன்னிக்கு எந்த முகத்தோட கத்துவேன்? சொல்லித் தொலைங்கன்னு அவரு தோளைத் தட்டினது நான்தானே.